பல்ப் எரிந்தால் போதுமா?

"கோழி வளர்ப்பதில் என்ன இருக்கிறது? தவிட்டைப் போட்டால் தின்னும், பொழுது சாய்ந்தால் தானே வந்து அடையும்" என்பார் பலர். கடந்த மார்கழி வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில் ஒரு சிற்றூரில் உள்ளது. பாட்டி அடை வைத்த கோழி 21ஆம் நாள் 11 குஞ்சுகள் பொரித்தது. நான்காம் நாள் தாய்க்கோழியை மரநாய் கொண்டுபோயிற்று. அன்று மாலையே அப்பா கூட்டில் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். எல்லோரும் நிம்மதியாக உறங்கினோம். காலையில் 7 குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்துக் கிடந்தன.

கண்ணேறு என்றார் அடுத்த வீட்டு அத்தை. நோய் என்றார் அப்பா. குளிர்தான் என்பது என் கருத்து. பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது; ஆனால் அது எல்.இ.டி. பல்ப். கூடு முழுவதும் வெளிச்சம், சூடு மட்டும் இல்லை. பழைய குண்டு பல்புதான் மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக்கும். மின்சாரத்தை வீணாக்கும் விளக்கு என்று நாம் ஒதுக்கியது குஞ்சுக்கு உயிர் காக்கும் விளக்காகிறது!

கோழி வெப்ப இரத்தப் பிராணி என்று வகுப்பில் படிக்கிறோம். ஆனால் பிறந்த குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. இறகு முளைக்க மூன்று நான்கு வாரமாகும். அதுவரை மேலிருப்பது வெறும் பஞ்சு. முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம்.

இதற்கு வெப்பமானி வாங்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விலகி ஓடி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து உறங்கினால் சரி. ஆனால் பார்ப்பதற்கு யாராவது இரவில் எழுந்து போக வேண்டுமே! எங்கள் வீட்டில் சண்டையே இதில்தான். "பத்தாம் வகுப்புப் பெண் பாதி இராத்திரியில் கோழிக்கூட்டில் என்ன செய்கிறாய்?" என்று அம்மா கடிந்துகொண்டார். ஐந்து நிமிடந்தான் அம்மா! பாட்டியின் முட்டைக் காசில்தானே என் நோட்டுகள் வருகின்றன?

மீதி 4 குஞ்சுகளுக்கு ஓர் அட்டைப்பெட்டியில் உமி பரப்பினேன். மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்காதபடி அட்டையை வட்டமாக வளைத்து வைத்தேன். 60 வாட் குண்டு பல்பைக் கம்பியால் இறுகக் கட்டினேன். உமிமேல் விழுந்தால் தீப்பிடிக்கும். காற்று வரும் பக்கம் சாக்கு மறைப்பு, மேலே மட்டும் காற்றோட்டத்துக்கு இடைவெளி. மின்சாரம் போன இரவில் புட்டியில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வைத்தோம். கரிச்சட்டி வைக்கலாமே என்றார் அத்தை. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை. அதை மட்டும் நான் ஒப்பவே இல்லை.

அந்த நான்கில் மூன்று இப்போது முட்டையிடுகின்றன. நான்காவது சேவல். விடியற்காலை நாலரைக்கே கூவி, பாடம் படிக்க என்னை எழுப்பிவிடுகிறது. அம்மாவுக்கு இப்போது அதன்மேல் தனிப்பிரியம்.

பத்தாம் வகுப்பு மாணவி