கொழுப்புத் துளியும் கோடிக் கொள்ளையும்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கற்பட்டுக்குக் கம்பெனி பஸ்கள் இரவு பகலாக ஓடுகின்றன. காரும் டயரும் செய்த கைகள் அவற்றில் களைத்துத் தூங்குகின்றன. அந்தச் செங்கற்பட்டின் திருமணியில் 100 ஏக்கரில் மத்திய சர்க்காரின் தடுப்பூசி வளாகம் நிற்கிறது. எச்.எல்.எல். பயோடெக் என்ற பொதுத்துறை ஸ்தாபனத்துக்காக 2012-ல் 594 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டுக் கட்டியது. 2021-ல் கொரோனா நம் ஜனங்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனபோது, அங்கிருந்து ஒரு புட்டி கொரோனா தடுப்பூசிகூட வரவில்லை!

இதை இப்போது ஏன் பேசுகிறோம்? மருந்துத் துறையில் பெரிய மாறுதல் நடந்திருக்கிறது. அதன் பலன் யாருக்கு என்பதே நம் கேள்வி.

ஆர்.என்.ஏ. என்பது உடம்பின் உயிரணுவுக்குப் போகும் வேலைச் சீட்டு. இன்ன புரதத்தைச் செய் என்று ஒரு வகைச் சீட்டு சொல்லும்; செய்யாதே, நிறுத்து என்று இன்னொரு வகை சொல்லும். இந்தச் சீட்டை வெறுமே ஊசியில் ஏற்றினால் வழியிலேயே சிதைந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் வைத்து அனுப்புகிறார்கள். பஞ்சுப் பொதிக்குச் சாக்கு எப்படியோ, சீட்டுக்குக் கொழுப்பு அப்படி.

பிரித்த சாக்கு மில்லுக்குள்ளேயே குவிந்தால் வேலை நடக்குமா? முதலில் வந்த கொழுப்பு உடம்பில் நெடுநாள் தங்கியது. திரும்பத் திரும்பப் போட வேண்டிய மருந்துக்கு இது ஆகாது. எனவே விஞ்ஞானிகள் கொழுப்புச் சங்கிலியில் எஸ்டர் என்ற கண்ணியைச் சேர்த்தார்கள். வேலை முடிந்ததும் உடம்பிலுள்ள நொதிகளே அந்தக் கண்ணியை அறுத்துவிடும், துண்டுகள் கழிந்துவிடும். மோடர்னா கம்பெனியின் கொரோனா தடுப்பூசியில் இருப்பது இத்தகைய கொழுப்புதான். மனித அறிவின் அருமையான சாதனை இது. நாம் வரவேற்கிறோம்.

ஆனால் இந்தச் சாதனை யாருடைய உழைப்பு? ஆர்.என்.ஏ.வை உடம்பு ஏற்கும்படி மாற்றிய கத்தலின் காரிக்கோ, ஹங்கேரியில் ஒரு கசாப்புக்காரரின் மகள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் வரவில்லை என்று 1995-ல் பதவி இறக்கப்பட்டவர். 2023-ல் அவருக்கும் டுரூ வைஸ்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2020-ல் மட்டும் ஆராய்ச்சிக்கும் கொள்முதலுக்குமாக அமெரிக்க சர்க்கார் மோடர்னாவுக்கு ஒப்புக்கொண்ட தொகை சுமார் 410 கோடி டாலர். பொது ஜனங்களின் வரிப்பணம்! கம்பெனி 2021-ல் அடித்த லாபமோ சுமார் 1,220 கோடி டாலர்.

அந்தத் தடுப்பூசிக்கு 2021 ஜூனில் நம் நாட்டிலும் அனுமதி தரப்பட்டது. ஆனால் மருந்து வந்து சேரவில்லை. கெடுதல் நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற பேரத்திலேயே காலம் போயிற்று. கொழுப்புத் துளியில் வந்த முதல் ஆர்.என்.ஏ. மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரம்பரை நரம்பு நோய்க்கான மருந்து. ஒரு வருஷத்துக்கு விலை 4,50,000 டாலர்! நாற்று நடும் பெண் எத்தனை ஜன்மம் குனிந்தால் இதைச் சம்பாதிப்பாள்?

நம்மவர்க்கு இது செய்யத் தெரியாதா? தெரியும். புனாவின் ஜெனோவா கம்பெனி, சர்க்கார் பண உதவியோடு ஆர்.என்.ஏ. தடுப்பூசி செய்து 2022-லும் 2023-லும் அனுமதி பெற்றது. ஃபைசர் ஊசிக்கு மைனஸ் 70 டிகிரிக் குளிர் தேவைப்பட்டது. இதற்கு 2 முதல் 8 டிகிரி போதும். நம் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெட்டியிலேயே வைக்கலாம்.

பேடண்ட் தடையை உடைக்கவும் நம் சட்டத்தில் வழி உண்டு. 2012-ல் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுத்தார்கள். மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்றது 8,880 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. தென்னாப்பிரிக்காவில் உலக சுகாதார ஸ்தாபன ஆதரவுடன் விஞ்ஞானிகள் மோடர்னா தடுப்பூசியைப் போல ஒன்றைச் செய்ய முனைந்தபோது, கம்பெனி செய்முறையைக் கற்றுத்தர முன்வரவில்லை. அவர்கள் தாங்களே செய்து பழகி 2022-ல் வெற்றி கண்டார்கள். கை பழகுவதற்குப் பட்டறை வேண்டும். தறி இல்லாமல் நெசவு வருமா?

பட்டறை நம் ஜில்லாவிலேயே இருக்கிறது! சர்க்கார் நடத்தினால் நடக்காது, தனியார்தான் வேண்டும் என்பார்கள். 2021-ல் தனியாரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. அந்த மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்து, வளாகத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார்.

நம் கோரிக்கைகள் இவை: செங்கற்பட்டு வளாகம் பொதுத்துறையாகவே நீடிக்க வேண்டும். ஆர்.என்.ஏ. மருந்தும் அதைச் சுமக்கும் கொழுப்பும் அங்கேயே தயாராக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். சர்க்கார் பணத்தில் பிறந்த மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! இதை ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் பேசுங்கள். கையெழுத்துத் திரட்டுங்கள். அடுத்த கொள்ளைநோய் நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டு வராது.