பகல் மையம் எந்தத் தெருவில் வரும்?

முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு பற்றித் தமிழ்நாட்டு அரசு இப்போது பேசத் தொடங்கியிருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் 25 'அன்புச்சோலை' மையங்கள் அறிவிக்கப்பட்டன. 2025 நவம்பரில் திருச்சியில் முதலமைச்சர் அவற்றைத் தொடங்கி வைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுடன் 'உரிமைகள்' திட்டம் நடக்கிறது. அதன்கீழ் 'விழுதுகள்' சேவை மையங்கள் வருகின்றன. இரண்டையும் வரவேற்கலாம். ஆனால் சாதி ஒழிப்பு பேசும் நாம் இதை வெறும் நலத்திட்டச் செய்தியாகக் கடந்துபோகக் கூடாது. மையம் எந்தத் தெருவில் அமைகிறது, அங்கே யார் சமைக்கிறார், யார் யாரைக் குளிப்பாட்டுகிறார் என்பவை சாதிக் கேள்விகள்.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். என் ஆய்வு இந்த ஊரின் தறித் தொழிலைப் பற்றியது. கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் குழியில் கால் வைத்து மிதிப்பார். கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளும் கை பல காலம் குழந்தையின் கையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அவர்களில் தலித் குழந்தைகள் ஏராளம். அன்று பத்து வயதில் தறியில் இருந்தவருக்கு இன்று என் வயது. அவருக்கு முந்தைய தலைமுறை இப்போது ஐம்பதைக் கடக்கிறது.

ஐம்பது வயதில் முழங்கால் மடங்காமல், இழை கண்ணுக்குத் தெரியாமல் தறியை விட்டு இறங்கும் ஒருவரை அரசு எந்தக் கணக்கில் வைக்கும்? முதியோர் என்றால் 60 வயது ஆகியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பாலான பயன்களுக்கு 40 விழுக்காடு ஊனம் என்று மருத்துவச் சான்று வேண்டும். இரண்டு கதவுகளும் அவருக்கு மூடியிருக்கின்றன. ஒன்று சமூக நலத் துறையின் கதவு, மற்றது மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கதவு. அறுபதை எட்டி, ஓய்வூதியம் கிடைத்தாலும் மாதம் 1,200 ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயது வரை வெறும் 200 ரூபாய்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமைதானே என்று சிலர் கேட்பார்கள். குடும்பம் என்று அவர்கள் சொல்வது நடைமுறையில் மருமகளையும் மகளையும்தான். தினக்கூலி வீட்டில் ஒரு பெண் பராமரிப்புக்காக வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போய்விடும். கூலிக்குப் போனால் முதியவர் நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பார். பகல் மையம் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் தேவைப்படுகிறது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான 'பட்ஸ்' பள்ளி 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கியது. முதியோருக்கான 'பகல் வீடு'களையும் உள்ளாட்சிகளே நடத்துகின்றன. குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்காகத் திட்ட நிதியில் ஒரு பங்கை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது சென்னையில் இருக்கும் துறைச் செயலாளரைவிட வார்டு உறுப்பினருக்குத்தான் தெரியும். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்துக்கு அந்தப் பொறுப்பையும் நிதியையும் ஏன் தரக்கூடாது?

ஆனால் உள்ளாட்சியிடம் விட்டுவிட்டால் மட்டும் சாதி போய்விடாது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். குழந்தைகளின் தட்டிலேயே சாதி பார்த்தவர்கள் முதியோர் மையத்தில் பார்க்க மாட்டார்களா? சமையலுக்கு ஒரு சாதி, மலம் துடைக்க ஒரு சாதி என்று வேலை பிரிந்தால், அது அரசுச் செலவில் நடக்கும் இன்னொரு ஊர்-சேரிதான். சாதி உழைப்பாளர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று 1936இலேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். பராமரிப்பு வேலைக்கும் அது பொருந்தும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். வயதையும் விழுக்காட்டையும் பார்க்காமல் தேவையைப் பார்த்துச் சேர்க்கும் ஒரே மையம் வேண்டும். முதல் மையங்கள் தலித் குடியிருப்புகளிலும் நெசவாளர் தெருக்களிலும் வர வேண்டும். ஊர்க்காரர் அங்கே வரட்டும். பணியாளர்களுக்கு ஒப்பந்தம் வேண்டாம், நிரந்தர வேலையும் முழு ஊதியமும் வேண்டும். சமையலும் குளிப்பாட்டலும் முறைவைத்து எல்லோருக்கும் வர வேண்டும்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. அந்த நியமனங்களில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் உரிய பங்கு இருக்கிறதா என்று உங்கள் ஊரில் கேளுங்கள். மாமன்றக் கூட்டத்தில் பகல் மையம் பற்றிப் பேச வேண்டிய முதல் குரல் அவர்களுடையது. திட்டத்தின் பெயரில் அன்பு இருக்கட்டும். நம் மக்களுக்கு வேண்டியது, மறுத்தால் வழக்குப் போடக்கூடிய உரிமை.