உறங்காத இரவுகளுக்கு ஒரு துணை



பொள்ளாச்சிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தாய் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். அவருக்கு வயது 56. கணவர் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஏக்கர் தென்னந்தோப்பை அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். மகனுக்குப் பெங்களூரில் வேலை. இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால் நள்ளிரவு தாண்டியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பதாகவும், தூக்க மாத்திரை இல்லாமல் இனி உறங்கவே இயலாதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தார். காலையில் தேங்காய் வெட்ட ஆள்கள் வந்து நிற்கும்போது எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆகவே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு போய்விடலாமா என்றும் எண்ணியிருந்தார். மடலின் இறுதியில் ஒரு கேள்வி இருந்தது: “மகன் கைப்பேசியில் தூக்கத்திற்கென்று ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு வாரம் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?”

இக்கேள்வி அத்தாய் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2016-ஆம் ஆண்டில் நம் பகுதித் தென்னைகளில் தென்படத் தொடங்கிய சுருள் வெள்ளை ஈயும், வேர் வாடல் நோயும் எத்தனையோ உழவர்களின் உறக்கத்தைப் பறித்திருக்கின்றன. கடன், மகளின் திருமணம், பிள்ளையின் வேலை என்று ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எப்போதோ ஓரிரவு உறக்கம் வராமற் போவது நோயன்று. வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களாகவோ அதற்கு மேலோ உறக்கம் கெட்டு, அதனால் பகற்பொழுதும் பாழாகுமானால், அதனையே மருத்துவர்கள் நாட்பட்ட தூக்கமின்மை என்கின்றனர். ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1987-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். தூக்கமின்மையைத் தொடங்கி வைக்கும் காரணம் ஒன்று. அதைத் தொடரச் செய்யும் காரணம் வேறொன்று என்பதே அது. வாய்க்காலின் கரையை உடைத்தது மழைதான். ஆனால் மழை நின்ற பின்னும் நீர் வெளியேறுகிறதென்றால், நாம் இன்னும் உடைப்பை அடைக்கவில்லை என்பதே பொருள். நம் வாசகியின் உறக்கத்தை முதலில் கெடுத்தது கணவரின் பிரிவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அது திரும்பாததற்குக் காரணம், விட்ட உறக்கத்தைப் பிடிக்க முன்னதாகவே படுப்பதும், பகலில் கண்ணயர்வதும், மணிக்கொரு முறை கடிகாரத்தைப் பார்ப்பதும், “இன்றும் வராதோ” என்று அஞ்சுவதுமே.

இப்பழக்கங்களையும் அச்சத்தையும் மாற்றுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதனை அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்பர். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அளிக்க வேண்டியது இச்சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. மாத்திரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே.

இச்சிகிச்சையின் கூறுகள் எளியவை. முதலாவது, உறக்கக் குறிப்பேடு. எத்தனை மணிக்குப் படுத்தோம், ஏறத்தாழ எப்போது உறங்கினோம், எப்போது எழுந்தோம் என்று நாள்தோறும் காலையில் எழுதி வைப்பது. இரண்டாவது, ரிச்சர்டு பூட்சின் என்பவர் 1972-இல் வகுத்த முறை. படுக்கை உறங்குவதற்கே, கவலைப்படுவதற்கும் கைப்பேசி பார்ப்பதற்கும் அன்று. ஏறக்குறைய இருபது நிமிடங்களில் உறக்கம் வராவிடில், எழுந்து வேறிடத்தில் அமர்ந்து அமைதியான வேலை எதையேனும் செய்து, கண் சொருகும்போதே மீண்டும் படுக்க வேண்டும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுந்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஸ்பீல்மன் வகுத்த படுக்கை நேரக் கட்டுப்பாடு. இதுவே மிகுந்த பயன் தருவது. இதுவே மிகவும் கடினமானதும் ஆகும். நம் வாசகியின் கணக்கையே பாருங்கள். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை படுக்கையில் ஒன்பது மணி நேரம். உறங்கியதோ ஐந்தரை மணி நேரம். நூற்றுக்கு 61 பங்கே உறக்கம், எஞ்சியதெல்லாம் புரளல். ஆகவே அவர் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே படுத்து, ஐந்தரைக்கு எழ வேண்டும். ஒரு வாரம் முழுவதும் படுக்கை நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு உறக்கமானால், பதினைந்து நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம். எக்காரணம் கொண்டும் ஐந்து மணி நேரத்திற்குக் கீழே குறைத்தலாகாது. நான்காவது, “எட்டு மணி நேரம் உறங்காவிட்டால் நாளை விழுந்துவிடுவேன்” என்பன போன்ற எண்ணங்களை உண்மையோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வது.

இதனை முறையாகக் கற்பிக்கப் பயின்றவர்கள் பெருநகரங்களிலும் சிலரே. ஆகவேதான் இதே பாடங்களை வாரம் ஒன்றாகக் கணினியிலும் கைப்பேசியிலும் அளிக்கும் முயற்சி எழுந்தது. காலின் எஸ்பி என்னும் பேராசிரியரும் பிறரும் உருவாக்கிய ‘ஸ்லீப்பியோ’ என்னும் திட்டம் 164 பேரிடம் சோதிக்கப்பட்டு, அதன் பயன் 2012-இல் வெளியிடப்பட்டது. 2022-இல் இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான ‘நைஸ்’, தூக்க மாத்திரைக்குப் பதிலாக இதைப் பரிந்துரைக்கலாம் என்றது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ‘இன்சோம்னியா கோச்’ என்னும் செயலியை விலையின்றி வழங்குகிறது. எனவே “பயன் உண்டா?” என்னும் கேள்விக்கு விடை, “உண்டு” என்பதே.

அப்படியானால் அத்தாய் ஏன் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்? அவர் சோம்பலுற்றவர் அல்லர். நேரக் கட்டுப்பாட்டின் முதல் இரு வாரங்களில் பகலில் களைப்பு மிகும், தலை கனக்கும். சிகிச்சை வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளம் அது. ஆனால் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. செயலியோ ஆங்கிலத்தில் இருந்தது. நள்ளிரவு வரை தனியாக விழித்திருக்கும் வீட்டில், “ஏன் இன்று எழுதவில்லை?” என்று ஒரு கருவி கேட்பதும் ஒரு மனிதர் கேட்பதும் ஒன்றாகா.

இவ்விடத்தில்தான் பயிற்சித் துணைவரின் பங்கு வருகிறது. நெதர்லாந்தில் யாப் லான்சே என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழித் தூக்கச் சிகிச்சை பெற்றவர்களுள் ஒரு சாராருக்கு ஊக்கமூட்டும் மின்மடல்களும் அனுப்பினர். அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் பயன் பெற்றனர். டேவிட் மோர் என்னும் அமெரிக்க அறிஞர் 2011-இல் இதன் காரணத்தை விளக்கினார். நம் நலத்தை நாடுகிற, நம்பிக்கைக்குரிய, விவரம் அறிந்த ஒருவருக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போது, செய்ய வேண்டியதை விடாமல் செய்கிறோம். துணை இன்றியே செயலியால் குணமடைவோரும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லார்க்கும் துணை தேவையில்லை. பாதியில் விட்டுவிடக்கூடியவர்க்கே அது மிகுதியும் தேவை.

அத்தாய்க்கு நாம் எழுதிய மறுமொழியில் இரண்டைச் சொன்னோம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அதைத் தந்த மருத்துவரை முதலில் பார்க்க வேண்டும். துணைக்கு ஒருவரைத் தேட வேண்டும். அவர் ஊரிலேயே ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அந்த அம்மையார் செயலியின் பாடங்களையெல்லாம் முதலில் தாமே படித்துத் தமிழில் குறித்துக்கொண்டார். வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை மாலையில், பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசுவது என்று இருவரும் முடிவு செய்தனர். இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்த உரையாடலை அத்தாயே பின்னர் நமக்கு எழுதினார்:

“ஏனம்மிணி, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?”

“பத்தரைக்கே கண்ணு சொருகுச்சுங்கக்கா. படுத்துட்டேன்.”

“சரி, அதையும் அப்படியே எழுதி வை. உன்னைத் திட்டறதுக்கு நான் கூப்பிடலே; கணக்குப் பார்க்கத்தான் கூப்பிட்டேன்.”

இந்த ஒரு சொல்லே தம்மைக் காப்பாற்றியது என்கிறார் அவர். பொய்க் கணக்கு எழுத வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. பத்து மணி முதல் பன்னிரண்டு வரையுள்ள பொழுதை எப்படிக் கழிப்பது என்பதற்கும் இருவரும் சேர்ந்தே வழி கண்டனர்: தோப்புக் கணக்கு பகலுக்கு, இரவில் பழந்துணி தைப்பதும், செபமாலை சொல்வதும். ஆறாம் வாரத்தில் அவர் ஆறு மணி நேரம் உறங்கலானார். மருத்துவர் மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். இன்னும் முற்றும் நிற்கவில்லை. கணவரை நினைத்து விழித்திருக்கும் இரவுகள் இப்போதும் உண்டு. ஆனால் தோப்பைப் பற்றிய முடிவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார். காலையில் ஆள்கள் வரும்போது தாமே வாசலில் நிற்கிறாராம்.

துணையாக முன்வருவோர்க்குச் சில எல்லைகள் உண்டு. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அவர் சொல்லலாகாது. கேட்டதை ஊரில் பேசலாகாது. கண்டித்தல் வேண்டாம், எழுதிய கணக்கைச் சேர்ந்து பார்த்தலே போதும். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவர், வலிப்பு நோயுள்ளவர், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருபவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் நேரக் கட்டுப்பாட்டில் இறங்கலாகாது. லாரி ஓட்டுவோரும் நூற்பாலை எந்திரங்களில் நிற்போரும் அவ்வாறே. பகல் மயக்கம் உயிருக்கே தீங்காகலாம். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் அது துணைவரின் கையில் அடங்குவதன்று. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரின் கைப்பேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பும் மக்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்தது நன்று. ஆனால் அது பாதிதான். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பதினைந்து நிமிடம் அழைத்து, “இந்த வாரக் கணக்கைச் சொல்லுங்கம்மா, சேர்ந்து பார்ப்போம்” என்று கேளுங்கள். ஆறு அல்லது எட்டு வாரங்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். உங்களால் இயலாதெனில், ஊரில் அதைச் செய்யக்கூடிய ஒருவரைத் தேடிக் கேளுங்கள். நாம் கண்ட செவிலியரைப் போன்றவர்கள் நம் ஊர்களில் இருக்கத்தான் செய்கிறார்கள்.