அம்மாவுக்கு ஒரே ஒரு வரியா?



திருவாட்டி ஹலிமா யாக்கோப் 2017இல் சிங்கப்பூரின் முதல் பெண் அதிபரானபோது அவரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எட்டு வயதில் தந்தையை இழந்தவர், தாயாரின் நாசி பாடாங் வியாபாரத்துக்குக் கைகொடுத்தவர் என்று எல்லாரும் தவறாமல் ஒரு வரி எழுதினார்கள். அந்த வரியோடு தாயார் காணாமல் போய்விடுவார். அடுத்த வரியில் மகள் வழக்கறிஞராகி நிற்பார். இந்த மாதம் நாம் அந்த ஒரு வரியிலேயே கொஞ்சம் நின்று பேசுவோமே.

தாயார் பெயர் மைமுன் அப்துல்லா. கணவர் இந்திய முஸ்லிம், காவலாளி. நம் பெரியவர்கள் ஜாகா என்பார்களே, அந்த வேலை. 1962 வாக்கில் அவர் இறந்தபோது வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஹலிமாதான் கடைக்குட்டி. தாயும் பிள்ளைகளுமாக ஆறு பேரும் ஹிண்டு ரோட்டில் ஓரறை வீட்டில் இருந்தார்கள். தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் குறுக்கே நடப்பவர்கள் அந்தச் சின்னத் தெருவைத் தாண்டிப் போயிருக்கலாம். கணவரின் சேமிப்பை நம்பலாம் என்றால், மத்திய சேமநிதி தொடங்கியதே 1955இல். ஒரு காவலாளியின் சம்பளத்தில் ஏழு வருஷத்தில் எவ்வளவு சேர்ந்துவிடப்போகிறது?

பிரின்ஸ் எட்வர்ட் சாலையில், அப்போதைய சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வெளியே, மைமுன் தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்றார். வீடு லிட்டில் இந்தியாவில், வியாபாரம் நகரத்தின் மறுகோடியில். நாசி பாடாங் சமைத்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு சட்டியோடு முடிகிற சமையல் அல்ல. சோறு ஒரு பக்கம், ரெண்டாங், சம்பால், காய்கறி, மீன் என்று வரிசையாக எல்லாம் பசியோடு ஆட்கள் வந்து நிற்பதற்குள் தயாராக இருக்க வேண்டும். தேங்காய் துருவிப் பால் பிழிவது, மசாலா அரைப்பது, ரெண்டாங்கை அடிபிடிக்காமல் கிளறி வற்ற விடுவது எல்லாம் விடிவதற்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை. மாலையில் மிஞ்சியது நட்டம். மழை வந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது.

மேசை துடைக்க, தட்டு கழுவ, பரிமாறப் பிள்ளைகள்தான் ஆள். ஹலிமா வகுப்புக்கு மட்டம் போட்டுப் பள்ளியிலிருந்து நீக்கப்படும் நிலைக்குப் போனது இதனால்தான். எப்படியோ சமாளித்து 1978இல் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் பட்டியலில் சேர்த்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். வேறு வழியில்லாமல் சட்டி தூக்கிய இப்படிப்பட்ட பெண்களும் சேர்ந்து வளர்த்த கலாசாரம் அது.

இன்னொரு அதிபரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். எஸ்.ஆர். நாதனும் எட்டு வயதில் தந்தையை இழந்தவர்தான். மூவாரில் ரப்பர்த் தோட்டங்களோடு தொடர்புள்ள வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்த தந்தை, 1930களில் ரப்பர் விலை சரிந்தபோது கடன் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். பிள்ளைகள் தாயார் அபிராமியின் பொறுப்பில் வளர்ந்தார்கள். பதின்ம வயதில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே போனவர் நாதன். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. தனியாளாகப் பிள்ளை வளர்த்தவர்களைத் தெய்வமாக்கி மாலை போட்டுவிடுவது நமக்குச் சுலபம். அவர்களுக்கும் கோபம் வந்திருக்கும், கை ஓங்கியிருப்பார்கள், ஒரு பிள்ளைக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் செய்திருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் ஆள் தெரியமாட்டார், மாலைதான் தெரியும்.

மைமுன் 2015 செப்டம்பர் 11ஆம் தேதி, பொதுத்தேர்தல் வாக்களிப்பு நாளன்று, தமது 90ஆவது வயதில் காலமானார். மகள் அன்று வேட்பாளர். மகள் அதிபரானது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

மைமுன் காலமானதற்கு முந்தைய ஆண்டுதான், 1949ஆம் ஆண்டு முடிவதற்குள் பிறந்தவர்களுக்காக அரசாங்கம் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 450,000 பேர். உங்கள் வீட்டிலும் முன்னோடித் தலைமுறை அட்டையை வைத்திருக்கும் பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ இருக்கலாம். அவர்களில் கணவரை இளமையில் இழந்தவர்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். தியாகச் சுடர் வேண்டாம். என்ன தொழில் செய்தார், எந்தத் தெருவில், முதல் போட்டது யார், நகை எத்தனை முறை அடகுக்குப் போனது, சீட்டுப் பிடித்தாரா, படிப்பை நிறுத்திக்கொண்ட பிள்ளை எது, அந்தப் பிள்ளைக்கு இன்னும் வருத்தம் இருக்கிறதா என்றெல்லாம் எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். கையெழுத்தில் வந்தாலும் சரி, நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். பழைய புகைப்படம் இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்