கூலி கேட்பவன் பிச்சைக்காரனா?

திருத்தங்கல் மலைமீது நாராயணர் நின்று கொண்டிருப்பதாகச் சொல்லுகிறார்கள். அவருக்குப் பெயரே நின்ற நாராயணப் பெருமாள். அவர் எதற்காக நிற்கிறாரென்பது பக்தர்கள் பாடு. ஆனால் மலைக்குக் கீழே, பட்டாசு ஆபீசு வாசல்களில் சனிக்கிழமை சாயங்காலம் ஆணும் பெண்ணும் எதற்காக நிற்கிறார்களென்பது நமக்கு நன்றாய்த் தெரியும். ஆறு நாள் வெடிமருந்தில் கையை விட்டு உழைத்த கூலியை வாங்க நிற்கிறார்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று கணக்கப்பிள்ளை சொன்னால், "சரிங்கய்யா" என்று திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! போகிற வழியில், "நம்ம நேரம் சரியில்லை" என்று ஆறுதல் வேறு!

தோழர்களே! இதில் நேரமென்ன, கிரகமென்ன? முதலாளியின் பெட்டிச்சாவி சனீஸ்வரனிடத்திலா இருக்கிறது? கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

திங்கட்கிழமை செய்த வேலைக்குச் சனிக்கிழமை கூலி வாங்குகிறவன், அதுவரையில் முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கிறான். அதுவும் வட்டியில்லை, பத்திரமில்லை, ஜாமீனில்லை. வெடியுப்பு விற்கிற வியாபாரி இப்படிக் கொடுப்பானா? பாங்கிக்காரன் கொடுப்பானா? அப்படியிருக்க, கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்பதும், கடன்பட்டவன் நாற்காலியில் சாய்ந்து கொண்டு "நாளை வா" என்பதும் எந்த ஊர் நியாயமென்று கேட்கிறோம். இந்தப் பாக்கியைக் கையில் வைத்துக் கொண்டே கும்பாபிஷேகத்திற்கு நன்கொடை எழுதுகிற புண்ணியவான் ஒருவர் இருந்தால், "உபயம்" என்று கல்லில் யார் பெயரை வெட்டுவது?

"தீபாவளிக்கு முன்பணம் கொடுத்தோமே, அந்த நன்றி வேண்டாமா?" என்பார்கள். முன்பணத்தை அவர்கள் மறக்கிறதில்லை. நோட்டில் எழுதி வாராவாரம் பிடிக்கிறார்கள். தொழிலாளி கொடுத்த முன்வேலைக்குத்தான் நோட்டுமில்லை, நன்றியுமில்லை. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாதென்பது சட்டம். முன்பணத்தைக் காட்டி ஆளை வேறிடம் போகவொட்டாமல் கட்டிப்போடும் முறைக்கோ கொத்தடிமை என்று பெயர். அதை ஒழித்து 1976-லேயே சட்டம் செய்தாயிற்று.

"சரக்கு விற்கவில்லை" என்பது மற்றொரு சாக்கு. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்ததையடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது உண்மை. மூடிக்கிடந்த நாளுக்கு என்ன கொடுப்பதென்பது வேறு விவகாரம். மூடுமுன் செய்து முடித்த வேலைக்கு ஏன் பாக்கி? லாபம் வந்த வருஷத்தில் பங்கு கொடுக்காதவன், நஷ்டத்தில் மாத்திரம் தொழிலாளியைப் பங்காளியாக்குவானேன்?

இவையெல்லாவற்றிலும் பெரிய பித்தலாட்டம் உள்குத்தகை. லைசென்சு ஒருவர் பேரில் இருக்கும். உள்ளே அறை அறையாக வேறு வேறு ஆட்கள் வேலை வாங்குவார்கள். கூலி கேட்டால் போர்மேன் காண்ட்ராக்டரைக் காட்டுவான், காண்ட்ராக்டர் முதலாளியைக் காட்டுவான், முதலாளியோ "உன்னை எனக்குத் தெரியாதே" என்பார். 12-2-2021-ல் அச்சங்குளத்தில் ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோதும் இந்த உள்குத்தகைக் கதைதான் வெளிவந்தது. உயிருக்கே பொறுப்பாளியைத் தேட வேண்டிய இடத்தில் கூலிக்கு யார் பொறுப்பாளி?

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் போய், 2019-ல் செய்த ஊதியச் சட்டத் தொகுப்பு 21-11-2025 முதல் அமுலுக்கு வந்துவிட்டது. வேலைக்கு வைத்தவன் கூலி கொடுக்கத் தவறினால், ஸ்தாபனத்தின் உடைமையாளரே கொடுக்க வேண்டும். வாரக்கூலியை வார விடுமுறைக்கு முன்பும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள்ளும் தீர்க்க வேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும், தானே விலகினாலும் இரண்டு வேலை நாளில் பாக்கி தீர வேண்டும். தவறினால் மூன்று வருஷத்திற்குள் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க அவருக்கு அதிகாரமுண்டு. கொடுத்துவிட்டேன் என்று ருஜுப்படுத்த வேண்டியவனும் முதலாளியே.

சட்டம் யோக்கியமானதென்று நாம் மயங்கவில்லை. குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். அதிலும் பாதியைக் கட்டி ராஜியாகிக் கொள்ளலாமாம்! பணக்காரன் குற்றத்திற்குத் தள்ளுபடி விலை!

தனியாக மனுக் கொடுத்தால் திங்கட்கிழமை வேலையில்லை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் நியாயமான பயந்தான். ஆனால் எத்தனை பேர் பாக்கிக்கும் ஒரே மனுப் போதும். அதைப் பதிவான சங்கமே, தன் அங்கத்தினருக்காகக் கொடுக்கலாம். அதற்குமுன் ஆளுக்கொரு நோட்டு வேண்டும். தேதி, செய்த உருப்படி, பேசிய கூலி, வாங்கிய பணம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். தொகை எழுதாத ரிஜிஸ்தரில் மாத்திரம் ஒருவரும் கைநாட்டு வைக்க வேண்டாம்.