காருக்குள் கச்சேரியும் கடன் தவணையும்

வானவடியில் வாகனக் கடன் கேட்டு வருவோரிடம் அண்மைக் காலமாக நாம் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். முன்பெல்லாம் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்பதே முதற்பேச்சு. இன்று ஷோரூமிலிருந்து நேரே வங்கிக்கு வருபவர்கள் விலைப்பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு, எத்தனை ஸ்பீக்கர், எந்தக் கம்பெனி என்பதை முதலில் சொல்கிறார்கள். போஸ், சோனி, ஜே.பி.எல்., ஹார்மன் கார்டன் ஆகிய பெயர்கள் எஞ்சினின் திறனைக் காட்டிலும் நன்றாக மனத்தில் பதிந்திருக்கின்றன. இந்தப் பெயர்களுக்காகக் கடன் தொகையை ஒன்றரை, இரண்டு லட்சம் உயர்த்திக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கூடுதல் பணம் தகுமா என்பது குறித்து நமது கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. நாம் ஒலிப் பொறியாளர்கள் அல்லர், வணிகவியல் படித்தவர்கள். ஆகவே காதைக் காட்டிலும் கணக்கின் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்வோம் என்பதை முன்னரே ஒப்புக்கொள்கிறோம்.

காரில் பாட்டு என்பது புதிதன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் 1930-இல் விற்ற கார் வானொலிக்கு இட்ட பெயர்தான் மோட்டோரோலா. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸ் 1964-இல் தொடங்கிய நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கென்றே ஒலியமைப்பை வடிவமைத்துத் தொழிற்சாலையிலேயே பொருத்தச் செய்தது. காரின் உட்புறத்தை அளந்து, அதற்கேற்ப ஸ்பீக்கரை அமைக்கும் வழக்கம் பரவுவதற்கு அது வழிவகுத்தது.

அந்த வழக்கம் இன்று நம் வாசலிலேயே நடக்கிறது. டாட்டா ஹாரியர் பிம்ப்ரியில் உருவாகிறது. 2019-இல் அது வந்தபோது மேல்நிலை வகையில் ஜே.பி.எல்.-இன் 9 ஸ்பீக்கர்கள் இருந்தன. சாக்கனில் உருவான மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700, 2021-இல் சோனியின் 12 ஸ்பீக்கர்களுடன் வந்தது. அதே மஹிந்திரா 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய மின்சாரக் கார்களில் ஹார்மன் கார்டன் அமைப்பு, 16 ஸ்பீக்கர்கள். நம்மூர்ப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து ஹூண்டாய் தயாரிக்கும் கிரெட்டாவில் போஸ், 8 ஸ்பீக்கர்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜே.பி.எல்., ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி ஆகிய மூன்றுமே ஹார்மன் என்னும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். பாங் அண்ட் ஓலுஃப்சனின் கார் ஒலிப் பிரிவையும் 2015-இல் அந்நிறுவனமே வாங்கிக்கொண்டது. அதனை 2017-இல் சாம்சங் வாங்கிவிட்டது. ஹார்மனுக்குச் சாக்கனில் தொழிற்சாலையும் உண்டு. எந்தப் பெயர் உயர்ந்தது என்று நண்பர்கள் வாதிடும்போது, இரண்டு பெயருக்கும் முதலாளி ஒருவரே என்பதை நாம் மெல்ல நினைவூட்டுவது வழக்கம். யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

சரி, இந்த ஒலியமைப்பின் விலைதான் என்ன? நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் நேரான விடை கிடையாது. ஸ்பீக்கரை மட்டும் தனியே குறித்து வாங்கும் வசதி பொதுவாக இங்கு இல்லை. மேல்நிலை வகையோடு சேர்த்துக் கட்டியே தருகிறார்கள். எக்ஸ்.யு.வி. 700-இன் சோனி அமைப்பு வேண்டுமென்றால், அறிமுகத்தின்போது 'லக்சரி பேக்' என்ற தொகுப்பை 1.80 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதே தொகுப்பில் நாற்புறமும் காட்டும் கேமரா, மின்சாரப் பார்க்கிங் பிரேக், கம்பியில்லாச் சார்ஜர் முதலியனவும் இருந்தன. இவற்றில் பாட்டுக்கு எவ்வளவு, கேமராவுக்கு எவ்வளவு? விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. விலை தெரியாத பொருளின் மதிப்பை எடைபோட முடியாது என்பது வணிகவியலின் அரிச்சுவடி.

கூடுதல் விலை என்று பட்டியலில் இருப்பதும் முழு விலையன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். இடைநிலை வகையின் ஷோரூம் விலை 19.50 லட்சம், மேல்நிலை வகை 21.30 லட்சம், இரண்டும் பெட்ரோல் வண்டி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1.80 லட்சம். மகாராஷ்டிரத்தில் பெட்ரோல் காருக்கான சாலை வரி 10 முதல் 20 லட்சம் வரை 12 சதவீதம். அதற்கு மேல் 13 சதவீதம். இருபது லட்சக் கோட்டைத் தாண்டியதும் உயர்ந்த விகிதம் தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் விழுகிறது. எனவே வரி மட்டும் 42,900 ரூபாய் கூடுகிறது. ஆக 2,22,900 ரூபாய். இதனை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 3,586 ரூபாய். கடன் முடியும்போது கொடுத்திருப்பது சுமார் 3 லட்சத்து ஆயிரம் ரூபாய். 1.80 என்று கேட்ட காதுக்கு 3.01 என்பது வேறு சுருதியாகத்தான் ஒலிக்கும். கூடும் காப்பீட்டுப் பிரீமியத்தை இதில் நாம் சேர்க்கவில்லை.

ஜி.எஸ்.டி.யையும் மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். காரோடு வரும் ஸ்பீக்கரும் அந்த 40-க்குள் அடக்கம். அதையே கடையில் தனியாக வாங்கினால் 18 சதவீதம். மேலும், காப்பீட்டுக்காக வண்டியின் மதிப்பைக் குறிக்கும் ஐ.டி.வி. ஐந்தாம் ஆண்டு நிறையும்போது பாதியாகிறது. ஏழாண்டுக் கடனில் தவணை இன்னும் இரண்டு ஆண்டு பாக்கியிருக்கும். ஸ்பீக்கருக்கும் இதே கதிதான்.

இனி, காசு கொடுத்தால் காதுக்குக் கிடைப்பது என்ன? எண்ணிக்கை நம்மை எளிதில் மயக்குகிறது. ஆம்ப்ளிஃபையரின் வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும்; கேட்பவருக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை. விரையும் காரில் டயரின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் சேர்ந்து மென்மையான பகுதிகளை விழுங்கிவிடுகின்றன. தம்புராவின் ரீங்காரம் முதலில் மறையும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி அடுத்து மங்கும். பண்பலை வானொலி 15 கிலோஹெர்ட்சுக்கு மேல் எதையும் அனுப்புவதில்லை. பழைய பாடல்களோ ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றுக்குப் பன்னிரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே செய்தியைத்தான் சொல்லும். போனில் பாட்டின் தரத்தை 'குறைவு' என்று வைத்துவிட்டு, புளூடூத் வழியே அனுப்பி, காரைக் குறை சொல்பவர்கள் பலர். தரத்தை உயர்த்தி வைத்து, யு.எஸ்.பி. வடத்தில் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் மேம்பாடு இது. பாத்திமா நகர்ச் சந்திப்பில் மாலை ஆறரை மணிக்கு வண்டி நகராமல் நிற்கும்போது இதைச் சோதிக்கலாம். புனேயில் காருக்குள் நல்ல நிசப்தம் கிடைக்கும் நேரம் அதுவே.

தொழிற்சாலை அமைப்புக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கக் கதவை ஒட்டி அமர்கிறார். இடப்பக்க ஸ்பீக்கர் தொலைவில் இருக்கிறது. அருகிலுள்ள ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்தி அனுப்பினால்தான் பாடகர் நடுவில் நிற்பதுபோல் கேட்கும். கண்ணாடி, இருக்கை, கூரை என ஒவ்வொன்றும் ஒலியை எப்படித் திருப்புகிறது என்பதை அளந்து இதைச் செய்வது எல்லாத் துணைப்பொருள் கடைகளாலும் ஆகாது. கம்பியை வெட்டி ஒட்டும் கடையில் கொடுத்தால் மின்னிணைப்புக்கான வாரண்டி கேள்விக்குள்ளாகும். இன்றைய கார்களில் திரை, கேமரா, எச்சரிக்கை மணி எல்லாம் ஒரே அமைப்போடு பின்னியிருப்பதால் முழுவதையும் கழற்றி மாற்றுவதும் எளிதன்று.

சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஒரு பெரியவரை இங்கே குறிப்பிட வேண்டும். வேலூர்ப் பக்கத்துக்காரர், பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்று, சாளுங்கே விஹார் சாலையில் மகனோடு வசிக்கிறார். மகன் பெயரில் கடன். பெரியவரின் ஓய்வூதியத்திலிருந்தும் ஒரு பகுதி தவணைக்குப் போகும். மேல்நிலை வகைதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். ஸ்பீக்கருக்காக இவ்வளவு தேவையா என்று நாம் சற்று அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோம்.

"தம்பி, வீட்டில் நான் டி.வி.யை வைத்தால் பேத்தி படிக்க முடியவில்லை என்கிறாள். பீரங்கிச் சத்தத்தில் காது போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு காரில் உட்கார்ந்தால் எவ்வளவு சத்தம் வைத்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. எனக்கு அது கார் இல்லை, ஒரு அறை" என்றார்.

நமது கணக்கில் இந்த வரி இல்லை. கொஞ்ச நேரம் நமக்குப் பேச்சு எழவில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னோம்: "ஐயா, ஷோரூமில் அவர்கள் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். நீங்கள் தினமும் கேட்கும் நாகஸ்வரத்தை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வகையிலும் உட்கார்ந்து, எஞ்சினை அணைத்து ஒரு முறை, ஓட்டிக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். மகனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்."

பத்து நாள் கழித்து வந்தார். மகனுக்கு வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இவருக்கு நாகஸ்வரமும் தவிலும் இரண்டிலும் ஒன்றுபோலவே கேட்டிருக்கின்றன. ஜால்ரா இரண்டிலுமே கேட்கவில்லை. பீரங்கி முழக்கம் முதலில் பறிப்பது மேல்ஸ்தாயிக் கேள்வியைத்தான் என்று காது மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். மேல்ஸ்தாயிக்கென்று கூடுதலாக வைக்கும் சிறு ஸ்பீக்கர்களால் அவருக்குப் பயனில்லை. இடைநிலை வகையையே வாங்கினார்கள். முன்கதவுகளில் டேம்பிங் ஷீட் ஒட்டி, கம்பியை வெட்டாமல் கப்ளர் வழியே வேறு ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டார்கள், ரசீது நாற்பதாயிரத்துக்குள். அந்த ஸ்பீக்கரைக் காப்பீட்டுப் பாலிசியில் தனியே குறிக்கச் சொன்னோம். தொழிற்சாலையில் பொருத்தாத மின்னணுத் துணைக்கருவிக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் திருட்டுப் போனால் ஒன்றும் கிடைக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் கேட்டதில் ஒரு முறை பேட்டரி இறங்கிவிட்டதாகவும் பெரியவர் பின்னர் சொன்னார். அதற்கு நம்மிடம் யோசனை இல்லை.

மகனைப் போன்ற காது உடையவர்கள், மாதந்தோறும் மும்பைக்கோ பெங்களூருவுக்கோ ஓட்டிச் செல்பவர்கள், முன்பணத்தைக் குறைக்காமல் வேறுபாட்டைக் கையிலிருந்தே கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்; அவர்களைத் தடுக்க நமக்குக் காரணமில்லை. பாதுகாப்பு வசதிகளுக்காக மேல்நிலை வகையை எப்படியும் வாங்கப்போகிறவர்களுக்கு ஸ்பீக்கர் உடன்வரும் விருந்தாளி. ஆனால் பாட்டுக்காக மட்டுமே வகையை உயர்த்தி, அதற்காகக் கடன் காலத்தை ஐந்திலிருந்து ஏழாண்டுக்கு நீட்டுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. கடையில் மாட்டும் ஸ்பீக்கருக்குப் பொதுவாக வாகனக் கடன் கிடைப்பதில்லை என்பதாலேயே பலர் விலை உயர்ந்த வழியை எளிய வழி என்று எண்ணிவிடுகிறார்கள். கடன் கேட்டு வரும்போது ஒரு விலைப்பட்டியலுக்குப் பதிலாக இடைநிலை, மேல்நிலை இரண்டின் ஆன்ரோடு பட்டியலையும் கொண்டு வாருங்கள். வேறுபாட்டுக்கு மட்டும் தனியே தவணை போட்டுத் தரச் சொல்லி அலுவலரிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.