கூட யார் வருகிறார்கள்?

திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு நிலைகள். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிம்மராக அமர்ந்தும், ரங்கநாதராகப் பள்ளிகொண்டும், உலகளந்தவராக நடந்தும் காட்சி தருகிறார். இந்த ஊரில் குடியிருக்கும் நான் இதைப் பக்தியால் சொல்லவில்லை. ஓர் உடலுக்கு இயன்ற நான்கும், நிற்பதும் இருப்பதும் கிடப்பதும் நடப்பதும், அவருக்கு ஒரே ஊரில் வாய்த்திருக்கின்றன. வெளியூரில் ஒரு பெண்ணுக்கு இவற்றில் எத்தனை வாய்க்கும்? பேருந்து நிறுத்தத்தில் நிற்கலாம். தலையைக் குனிந்து வேகமாக நடக்கலாம். உட்கார வேண்டுமானால் காரணம் வேண்டும். படுத்துறங்க வேண்டுமானால் துணை வேண்டும்.

திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்ததாகவும் ஊரில் கதை சொல்வார்கள். அந்த ஆறு மாதமும் அவர் எங்கே குளித்தார், யார் சமைத்துப் போட்டார்கள், கூட யார் இருந்தார்கள் என்று கதை சொல்பவர்களும் கேட்பதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை. ஆண் ஓர் ஊரில் நெடுநாள் தங்கினால் அது தவம், அல்லது ஆய்வு, அல்லது ஓய்வு.

மெக்சிகோவில் சான் மிகுவேல் தே அயெந்தே என்றொரு பழைய ஸ்பானியக் காலனி நகரம் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தில் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சிலர் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டிகளிலேயே வருகிறார்கள். நமக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஊர் புதுச்சேரி. கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். இன்று கிழக்குப் பக்கத்து மஞ்சள் சுவர் வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன.

அங்கே நெடுநாள் தங்கியவர்களைத் தமிழ்த்துறைகளில் நாங்கள் பாடமாக நடத்துகிறோம். ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பிப் போன பாரதி 1908 முதல் 1918 வரை இருந்தார். 1910இல் வந்த அரவிந்தர் 1950இல் மறையும்வரை அங்கிருந்து கிளம்பவேயில்லை. பாரதியின் அந்தப் பத்தாண்டுக்குப் 'புதுவை வாழ்க்கை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். செல்லம்மாவும் அதே ஊரில்தான் வாழ்ந்தார். ஆனால் கணவர் குருவிகளுக்கு இறைத்த அரிசிக்காக வருந்தியவராகத்தான் அவர் நம் வகுப்பறைக்குள் வருகிறார். ஊர் ஆணுக்கு, உலை பெண்ணுக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பை முடிப்பதற்காகப் புதுச்சேரியில் ஒரு மாதத்துக்கு அறை தேடினேன். ஒரு விடுதியின் வரவேற்பில் இருந்தவர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூட யார் மேடம் வராங்க?" என்றார். யாருமில்லை என்றேன். "ஒரு மாசம் தனியா என்ன பண்ணுவீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற இளைஞரிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு அறை இல்லை என்று பதில் வந்தது. அவருக்குச் சாவி கிடைத்தது.

'பாதுகாப்புக்காகத்தான்' என்பார்கள். யாருடைய பாதுகாப்பு? தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதியில் ஒன்றாகத் தங்கத் தடையில்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவருக்கு இல்லாத தடை ஒருத்திக்கு எங்கிருந்து வந்தது? நம் அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளையும் உணவகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே பாலினத்தின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வரவேற்பு மேசையில் நடப்பது அக்கறை அல்ல, அரசமைப்பு மீறல்.

'குடும்பத்தோடு போகலாமே' என்பது அடுத்த யோசனை. நம் வீட்டுச் சுற்றுலாக்களை நினைத்துப் பாருங்கள். வேனில் முதலில் ஏறுவது புளிச்சோற்றுத் தூக்கு. அதை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளறியவள் கடைசியாக ஏறுகிறாள். சினிமா நட்சத்திரங்களின் வண்டியாக நாம் அறிந்த கேரவனை 2021இல் கேரள அரசு சுற்றுலாவுக்குக் கொண்டுவந்தது. படுக்கையோடு குளிர்சாதனப் பெட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வண்டி அது. கழிப்பறையை வரவேற்கிறேன். வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்து பழகியவர்கள் நாம். ஆனால் அந்த அடுப்பின் முன்னால் நிற்கப்போவது யார்? வேலைப் பங்கீடு மாறாமல் வீட்டுக்குச் சக்கரம் மட்டும் பூட்டினால், சமையற்கட்டு நம்மைத் துரத்திக்கொண்டு புதுச்சேரி வரைக்கும் வரும்.

நம் மரபு பெண்ணுக்குப் பயணத்தை முற்றாக மறுக்கவில்லை. அதற்கு ஒரு விலை வைத்தது. காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுரு பெற்ற பிறகே கயிலைக்குப் போனார். ஔவையார் இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிய பிறகே ஊர் ஊராகத் திரிந்ததாகக் கதை. உடலை இழந்தால் உலகம் உனக்கு என்பது அந்த ஒப்பந்தம். நான் அதில் கையெழுத்திட மாட்டேன். நாற்பதுகளில் இருக்கும் இந்த உடலோடு, மாதவிடாயும் முதுகுவலியும் உள்ள இதே உடலோடு, கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் கிடக்க வேண்டும்.

2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023இல் எங்கள் தாம்பரத்திலேயே பணிபுரியும் மகளிருக்கான 'தோழி' விடுதி திறக்கப்பட்டது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் 'பணிபுரியும்' என்ற அடைமொழியைக் கவனியுங்கள். உழைப்புக்காகத் தங்கினால் கட்டில் உண்டு. ஓய்வுக்காக, எழுதுவதற்காக, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகத் தங்கினால்? கடலோர ஊர்களிலும் மலையூர்களிலும் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் தங்கக்கூடிய, குறைந்த வாடகை அரசு விடுதிகள் வேண்டும். துணையைக் கேட்டு அறை மறுக்கும் விடுதியின் உரிமம் ரத்தாக வேண்டும்.

இந்தக் கோரிக்கை சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களோடு நின்றால் அதற்கு மதிப்பில்லை. வாய்க்காலின் மேற்கிலிருந்து காலையில் நடந்து வந்து, கிழக்கில் யாரோ உறங்கிய படுக்கைகளின் விரிப்பை மாற்றுகிற பெண்ணுக்கும் ஒரு மாதச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். அவள் படுத்து எழுந்த கட்டிலின் விரிப்பை வேறு யாராவது மாற்றட்டும்.

மாணவிகளே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நாளோ பத்து நாளோ, கிளம்புங்கள். "கூட யார் வராங்க?" என்று மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டால், "நான்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். அறை மறுத்தால் அந்தக் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.